பழைய காரும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

சாந்தோமில் குடியிருக்கும் எவரும் இரும்புப் பொருள் வாங்குவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார்கள். கடற்காற்று எங்கள் தெருவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனோடு துருவும் இலவசமாகவே வந்து சேருகிறது. அப்படியிருந்தும் 2019-ஆம் ஆண்டில் நான் ஒரு பழைய மாருதி 800 காரை வாங்கினேன். அது 1997-ஆம் ஆண்டு மாதிரி. விலை 40,000 ரூபாய். என் தாயாரை வாரம் இருமுறை அடையாற்றிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏறி இறங்க அவரால் இயலவில்லை. ஓய்வூதியம் பெறும் ஆசிரியனாகிய எனக்குப் புதுக் கார் எட்டாக்கனி. ஆகவே இந்த ஏற்பாடு.

வாங்கிய முதல் மாதமே கணக்குப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 14 கிலோமீட்டர்தான் ஓடியது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட சிறிய எஞ்சின். ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள சிறிய உடல். இவ்வளவு சிறிய வண்டி இத்தனை பெட்ரோலைக் குடிப்பானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றவற்றையே மாணவ அன்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பள்ளியில் நீங்கள் படிக்கும் பௌதிகத்திற்கு அப்பால் இதில் ஒன்றும் இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்தை எட்டினாலே நன்று. அந்த ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்ள மூவர் காத்திருக்கிறார்கள். முதலாவது, டயர் தரையில் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் உருளல் தடை. இரண்டாவது, காற்றுத் தடை. மூன்றாவது, பிரேக். முதல் இரண்டையும் எல்லோரும் அறிவார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். இருவர் அமர்ந்த என் காரின் எடை 800 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 49,000 ஜூல். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தால் அவ்வளவும் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. மறுபடி அதே வேகத்தை எட்ட ஏறத்தாழ 8 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒன்றரைத் தேக்கரண்டிதானே என்று தோன்றும். நூறு முறை அப்படி நின்றால் முக்கால் லிட்டருக்கு மேல் போயிற்று. சாந்தோம் நெடுஞ்சாலையில் காலை வேளையில் ஒருமுறை சென்று வந்தவர்களுக்கு நூறு என்பது பெரிய எண்ணிக்கையாகத் தோன்றாது.

காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். 1978-இல் தொடங்கப்பெற்ற பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கள் என்று அறிவுறுத்துவதன் காரணம் இதுவே.

பழைய காரை மாற்றியமைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. இல்லினாய் மாநிலத்தில் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தவர்கள் 1939-இல் விளையாட்டாக ஒரு பந்தயம் தொடங்கினார்கள். குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் செல்பவரே வென்றவர். முதலாண்டில் வென்ற கார் காலனுக்கு ஏறத்தாழ 50 மைல் ஓடியது. 1973-இல், 1959-ஆம் ஆண்டு மாதிரியான ஓப்பல் கார் ஒன்று காலனுக்கு 376 மைல் ஓடியது. நம் கணக்கில் லிட்டருக்கு 160 கிலோமீட்டர். ஆனால் அந்தக் காரைக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகப் பயன்படுத்த முடியாது. அதன் கூரையை வெட்டித் தாழ்த்தி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓடச்செய்து, பந்தயத்துக்கென்றே செதுக்கியிருந்தார்கள். அதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான்: வீணாகும் இடத்தைத் தேடு.

நானும் தேடினேன். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். அதன்பின் இரு முறை தொட்டி நிரப்பி ஓடிய தூரத்தைக் குறிப்பது. இதுவே நான் வகுத்துக்கொண்ட விதி. நான்கு மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் பயன் தந்தது எதுவெனத் தெரியாமல் போய்விடும்.

முதலில் ஜாக்கி வைத்து நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுழற்றினேன். பின்சக்கரம் ஒன்று அரைச்சுற்றிலேயே நின்றுவிட்டது. உப்புக்காற்றில் துருவேறிய பிரேக் கட்டை, மிதியை விட்ட பின்னும் விலகாமல் உரசிக்கொண்டேயிருந்தது! கையைக் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னது போலத்தான். துப்புரவு செய்து, எண்ணெயிட வேண்டிய இடத்தில் மட்டும் எண்ணெயிட்டு, திரும்பப் பூட்டியதும் கணக்கு 16 கிலோமீட்டருக்கு ஏறியது.

அடுத்தது ஒரு வேடிக்கை. எஞ்சின் சூடேறும் வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுக்கும் சிறு கதவு ஒன்று உண்டு. அதற்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். என் காரில் அது இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று யாரோ ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டிருந்தார். எஞ்சின் 80, 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் செவ்வனே இயங்கும். அதற்குக் குறைந்தால் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. எண்ணெயும் தடிப்பாகவே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் மட்டுமே செல்லும் வண்டி பயணம் முழுவதும் குளிர்ந்த எஞ்சினோடே ஓடி முடித்துவிடும். புதிய தெர்மோஸ்டாட் பொருத்தியதும் இன்னொரு கிலோமீட்டர் கூடியது.

பிறகு சில்லறை வேலைகள். காற்று வடிகட்டியை மாற்றினேன். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அடைபட்ட வடிகட்டி பெட்ரோலின் பங்கை மிகையாக்கும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை மேலும் கூட்டினால் மேலும் மிச்சமாகுமே என்று பேராசைப்பட்டுத் திருகினால் எஞ்சின் திக்கித் திணறும். அளவு மீறினால் வால்வுகள் பழுதாகும். டயரின் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில், கையேட்டில் சொன்ன அளவுக்கு நிரப்பினேன். கூரைமேல் கிடந்த சாமான் தாங்கியைக் கழற்றினேன். மாற்றுச் சக்கரத்தை மட்டும் எடுக்கவில்லை. முடிவில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைத்தது. இடையில் ஒரு கடைக்காரர் பெட்ரோல் குழாயில் கட்டச் சொல்லி ஒரு காந்தம் விற்றார். அதையும் இரு தொட்டி அளந்து பார்த்தேன். மாற்றம் ஒரு சொட்டும் இல்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 18 என்னும் எண் என் தலைக்கேறிவிட்டது. இருபதாக்க வேண்டும் என்ற வெறியில், அடையாற்றுப் பாலமாகிய திரு.வி.க. பாலத்தின் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தானாக உருள விட்டேன். பின்னிருக்கையில் தாயார். பிரேக்கை மிதிக்க நம் காலுக்கு உதவுவது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம். எஞ்சின் நின்றால், சேமிப்பில் உள்ள வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் போதும். மூன்றாம் முறை மிதித்தபோது மிதி கல்லாக நின்றது. முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். கைப்பிரேக்கை வலித்து இழுத்தேன். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றது. அவன் திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டான். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு சொட்டு எண்ணெய்க்காக விளக்கையே உடைக்கப் பார்த்தாயேடா!" என்றார். அன்று முதல் ஓடும் வண்டியில் சாவியைத் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள். சிவப்பு விளக்கில் நெடுநேரம் நிற்கும்போது அணைப்பது வேறு. உருளும்போது அணைப்பது வேறு.

சட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. எரிவாயுக்கு மாற்றுவதானாலும் அங்கீகாரம் பெற்ற சாதனத்தைப் பொருத்தி, சான்றில் பதிந்துகொள்ள வேண்டும். நான் செய்தவை, கார் பிறந்தபோது இருந்த நிலைக்கு அதைத் திருப்பிய வேலைகளே.

2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இக்கலவையில் ஆற்றல் சுமார் 7 விழுக்காடு குறைகிறது. என் கணக்குப் புத்தகத்திலும் 18 என்பது 17-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொண்டேன்.

14-லிருந்து 18 ஆனதில் லாபம் என்ன என்று கேட்பீர்கள். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டினால் நாலரை லிட்டருக்கு மேல் மிச்சம். ஒரு லிட்டர் எரியும்போது 2.3 கிலோ கரியமில வாயு உண்டாவதால், பத்துக் கிலோ அளவுக்குக் காற்றிலும் மாசு குறைகிறது. பணமாகப் பார்த்தால் என் தாயாரின் ஒரு வார மருந்துக்கு அது ஈடாயிற்று.

உங்கள் வீட்டில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள்.