அயல்நாட்டு முதலீடும் குடியாட்சியும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான். பொருளாதாரம் என் துறையன்று. ஆயினும், பிறர் பொருளைப் பெற்றவன் நா எவ்வாறு தடுமாறும் என்பதை என் பள்ளியிலேயே அறிந்தவன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு செல்வர் இரண்டு வகுப்பறைகள் கட்டித் தந்தார். மழைக்கு ஒழுகிய கொட்டகையில் இருந்த பிள்ளைகள் ஓட்டுக் கூரையின்கீழ் அமர்ந்தனர். மறு ஆண்டு அவர் மகன் கணக்கில் தேறவில்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லியனுப்பவில்லை. தேர்ச்சிப் பட்டியலில் கையெழுத்திட அமர்ந்த நான் அப்பையனை மேல்வகுப்புக்கு அனுப்பினேன். அதே மதிப்பெண் பெற்ற வேறு இருவரை நிறுத்திவிட்டேன். யாரும் கேளாமலே நான் தீர்த்த செஞ்சோற்றுக் கடன் அது. இன்றும் அது என் நெஞ்சை உறுத்துகிறது.

நாடுகளுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. கிரேக்க நாடு கடன் சுமையில் மூழ்கியிருந்த காலத்தில், அரசுச் சொத்துகளை விற்குமாறு கடன் கொடுத்தோர் வற்புறுத்தினர். ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் 51 விழுக்காட்டுப் பங்கைச் சீன அரசுக்குச் சொந்தமான காஸ்கோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் சுமார் 28 கோடி யூரோவுக்கு வாங்கிற்று. 2021இல் அப்பங்கு 67 விழுக்காடாயிற்று. துறைமுகம் செழித்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

ஆனால், 2017 ஜூன் மாதம் நடந்தது யாது? ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் கூடியிருந்தது. சீனாவில் மனித உரிமைகள் நசுக்கப்படுவதைக் கண்டித்து ஐரோப்பிய ஒன்றியம் அறிக்கை வெளியிட முனைந்தது. அதற்கு உறுப்பு நாடுகள் அனைத்தின் இசைவும் வேண்டும். கிரேக்கம் இசையவில்லை, அறிக்கை வெளிவரவில்லை. இத்தகைய கண்டனம் பயன் தராது என்பது அவ்வரசு கூறிய காரணம். துறைமுகத்துக்காகவே இது நடந்தது என்று எவரும் மெய்ப்பித்துவிட இயலாது. அதற்கென ஓர் உடன்படிக்கை வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு அச்செல்வர் ஓலையா அனுப்பினார்?

மற்றொரு தீங்கு மறைவு. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டையும் செர்பியாவின் பெல்கிரேடையும் இணைக்கும் ரயில்பாதையைப் பாருங்கள். ஹங்கேரிப் பகுதியின் செலவில் 85 விழுக்காட்டுக்குச் சீன வங்கியின் கடன் ஏற்பாடாயிற்று. அத்திட்டத்தின் விவரங்களைப் பத்தாண்டுகள் மறைத்து வைக்க 2020 மே மாதம் பாராளுமன்றமே சட்டம் செய்தது. வட்டியைச் செலுத்துபவன் குடிமகன். கடன் பத்திரத்தைக் காண மட்டும் அவனுக்கு உரிமையில்லை! மறு ஆண்டு, ஹாங்காங் பற்றிய ஐரோப்பிய அறிக்கை ஒன்றை ஹங்கேரி தடுத்தது.

குடியாட்சி நாட்டு முதலாளி மட்டும் இலாபம் தேடாதவனா என்று நீங்கள் கேட்கலாம். அவனும் தேடுபவனே. ஆனால் அவன் நாட்டிலே கேள்வி கேட்கப் பத்திரிகை உண்டு, நீதிமன்றம் உண்டு, எதிர்க்கட்சி உண்டு. நம் பக்கம் மறைத்தாலும் அவர் பக்கம் உண்மை வெளிப்பட வழியிருக்கிறது. சர்வாதிகார நாட்டிலோ வணிகமும் அரசும் ஒரே கையில் அடங்கியவை. அங்குக் கேட்பார் இல்லை. கடன் பெறும் அரசும் கதவைத் தாழிட்டுக்கொண்டால், வீட்டின் இரு வாயில்களும் அடைபட்டு உள்ளே இருள் சூழும்.

அயல்நாட்டுப் பொருளே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய விதி, வெளிநாட்டு முதலீட்டை ஆராயும்போது முதலிடுபவர் அயல் அரசின் பிடியில் உள்ளவரா என்பதையும் கருதலாம் என்கிறது. நல்ல தொடக்கம் இது. எனினும் ஒப்பந்தம் மக்கள் மன்றத்தில் வைக்கப்படுதலும், அதைப் படித்துக் கேள்வி கேட்கும் குடிமக்கள் இருத்தலுமே உறுதியான காவல்.

அந்த இரு வகுப்பறைகளை நான் மறுத்திருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணவில்லை. பிள்ளைகள் நனையாமல் படித்தார்கள். ஆனால் அன்று அத்தேர்ச்சிப் பட்டியலை ஆசிரியர் அனைவர் முன்னும் விரித்து வைத்திருந்தேனாயின், யாரேனும் ஒருவர், “ஐயா, மற்ற இருவர்?” என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி என்னைக் காத்திருக்கும்.