சக்கரத்திலிருந்து ஒரு செய்தி

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த வண்டி அது. அங்கே அதைச் சுருக்கமாக 'ஆர்.வி.' என்பார்கள். நாம் 'வீட்டு வண்டி' என்று சொல்லிக்கொள்வோம். சில வீட்டு வண்டிகளுக்குச் சொந்த எஞ்சின் உண்டு. சிலவற்றுக்கு இல்லை, வேறொரு வண்டி அவற்றைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும்.

வீடு என்றால் கனமும் இருக்கும் அல்லவா? மூன்று நான்கு டன் எடையை நான்கு டயர்கள் சுமக்கின்றன. உண்மையில் சுமப்பது ரப்பர் அன்று. அதற்குள் அடைபட்ட காற்று. அந்தக் காற்றைக் காவல் காக்க ஒவ்வொரு சக்கரத்திலும் விரல் நுனி அளவே உள்ள ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். அது அபாய ஒலி எழுப்பினால் என்ன செய்ய வேண்டும்? ஒலி எழுப்பாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலிலேயே இருக்கிறது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

ஓடும் டயரின் அடிப்பகுதி தரையில் அழுந்திச் சற்றே தட்டையாகிறது. மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தர அளவுள்ள வீட்டு வண்டியின் டயர் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 12 முறை ரப்பர் மடங்கி விரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் சுடும். ரப்பரும் அப்படித்தான். காற்று குறைவாக இருந்தால் மடிப்பு அதிகமாகும், வெப்பமும் அதிகமாகும். வெப்பம் மிகுந்தால் டயரின் அடுக்குகள் பிரிந்து, கடைசியில் வெடித்துவிடும்.

காரில் டயர் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும்; ஓட்டுநர் உடனே உணர்வார். இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டியிலோ அந்தச் சக்கரம் அவருக்குப் பல மீட்டர் பின்னால் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு அச்சுகள் இருப்பதால், ஒரு டயர் காற்றிழந்தால் அதன் சுமையைப் பக்கத்து டயர் ஏற்றுக்கொள்ளும். வண்டி சாயாது, ஓட்டுநருக்குத் தெரியாது. அளவுக்கு மிஞ்சிச் சுமந்த அந்த இரண்டாவது டயரும் சூடேறத் தொடங்கும்.

டயர் கோளாறு விளையாட்டான விஷயம் அன்று. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்த டயர்களின் மேற்பட்டை பிரிந்ததால் நேர்ந்த விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்பனைக்கென உற்பத்தியாகும் புதிய கார்களில் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. விதிக்கப்பட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். ஆனால் இந்த விதி 4,536 கிலோகிராமுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளையும், இழுவை வண்டிகளையும் கட்டுப்படுத்தவில்லை. எனவே வீட்டு வண்டிக்காரர்களில் பலர் இந்தக் கருவிகளைத் தாங்களே வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். பழுது வந்தால் பார்க்க வேண்டியவர்களும் அவர்களே!

ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி

பழுது பார்க்குமுன் கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 'சென்சார்' எனப்படும் உணர்வியைத் திருகி விடுகிறார்கள். அதற்குள் மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்று உண்டு. காற்று அழுத்தினால் தகடு வளையும்; வளைந்தால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிறு மின்சுற்று எண்ணாக மாற்றுகிறது. பொத்தான் அளவுள்ள லிதியம் மின்கலம் அதற்கு மின்சாரம் தருகிறது. அந்த எண் ரேடியோ அலையாகப் புறப்பட்டு, ஓட்டுநரின் முன்னால் உள்ள பெட்டியின் திரையில் தெரிகிறது. இதற்குப் பெரும்பாலும் 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பயன்படுகிறது.

ஆக, காற்று, உணர்வி, மின்கலம், ரேடியோ அலை, திரைப்பெட்டி என்று ஐந்து கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் செய்தி கெடும். பழுது பார்ப்பது என்றால் அறுந்த கண்ணி எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடிப்பதுதான். சோதனையை எங்கே தொடங்குவது? காற்றில்தான். "கருவிதான் பொய் சொல்கிறது" என்று முடிவு கட்டிவிட்டு, டயரைப் பார்க்காமல் ஓட்டிச் செல்வதே மிகப் பெரிய ஆபத்து.

குளிரா, கசிவா?

அரிசோனா பாலைவனத்தில் ஒரு வீட்டு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிற்பகலில், 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எல்லா டயர்களிலும் 80 பவுண்டு காற்று அடித்தார்கள். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பதைத்தான் சுருக்கமாகப் பவுண்டு என்கிறோம். 75-க்குக் கீழே போனால் ஒலிக்கும்படி கருவியை அமைத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் 7 டிகிரி குளிர். கருவி ஒலிக்கிறது! டயரில் ஓட்டையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 27 டிகிரி என்பது 300 கெல்வின். 7 டிகிரி என்பது 280 கெல்வின். இங்கே ஒன்றை மறந்துவிடாதீர்கள். அழுத்தமானி காட்டும் 80 என்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதே. வளிமண்டல அழுத்தமான 15 பவுண்டைக் கூட்டினால் உள்ளே இருப்பது 95. இதை 280-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 88.7 வரும். அதிலிருந்து 15-ஐக் கழித்தால் 73.7. ஒரு துளிக் காற்றும் வெளியேறாமலே 6 பவுண்டுக்கு மேல் குறைந்துவிட்டது!

அப்படியானால் குளிரால் குறைந்ததா, கசிவால் குறைந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? மற்றச் சக்கரங்களைப் பாருங்கள். குளிர் எல்லா டயர்களுக்கும் பொது. நான்கும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் குளிர்தான் காரணம். மூன்று 74-இல் நிற்க, ஒன்று மட்டும் 66 என்றால் அது கசிவு. கையடக்க அழுத்தமானியால் அந்தச் சக்கரத்தை அளந்து உறுதி செய்துகொள்ளலாம். பிறகு சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால், கசியும் இடத்தில் குமிழி எழும்பும்.

குளிர்தான் காரணம் என்றாலும் சும்மா இருக்கக் கூடாது. வண்டியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்திருப்பது, ஓடாமல் ஆறிய டயருக்கு உரிய அழுத்தம். எனவே காலையில் கிளம்புமுன் அந்த அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். ஓடி 30 டிகிரி சூடேறினால் 80 பவுண்டு ஏறக்குறைய 90 ஆகும். அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் டயர் ஆறியதும் குறை அழுத்தத்தில் நிற்கும்.

திரையில் எண்ணே இல்லை!

அடுத்த வகைக் கோளாறு இது. அழுத்தமானி 80 காட்டுகிறது. திரையிலோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. காற்று சரி; செய்திதான் வரவில்லை. இப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை கட்டங்கள் காலி?

எல்லாக் கட்டங்களும் காலி என்றால் எல்லா உணர்விகளும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க முடியுமா? முடியாத காரியம். அவற்றுக்குப் பொதுவான திரைப்பெட்டியைச் சோதியுங்கள். பின்சக்கரங்கள் மட்டும் காலி என்றால் இடையில் உள்ள 'ரிப்பீட்டர்' கருவியைச் சந்தேகிக்கலாம். உணர்வியின் ரேடியோ அலை மிகவும் வலுக்குறைந்தது. நீண்ட வண்டியின் உலோகப் பாகங்கள் அதைத் தடுக்கும். எனவே வண்டியின் பின்பகுதியில் அலையை வாங்கி, வலுவாக்கி, முன்னே அனுப்புவதற்கு ஒரு கருவி வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் நின்றுபோனால் பின்சக்கரங்கள் அனைத்தும் ஊமையாகிவிடும்.

ஒரே ஒரு கட்டம் காலி என்றால்? பெரும்பாலும் மின்கலம் தீர்ந்திருக்கும். குளிரில் லிதியம் மின்கலத்தின் மின்னழுத்தம் தாழ்வதும் உண்டு. காலையில் மறைந்து நண்பகலில் தோன்றும் எண், மின்கலத்தின் ஆயுள் முடியப்போகிறது என்பதற்கு அறிகுறி. புது மின்கலம் போட்டும் எண் வரவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வோர் உணர்விக்கும் ஓர் அடையாள எண் உண்டு. "இந்த எண் இடது முன் சக்கரம்" என்று திரைப்பெட்டி நினைவில் வைத்திருக்கும். இடது முன் கட்டம் காலி என்போம். அந்த உணர்வியையும் வலது முன் உணர்வியையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றித் திருகுங்கள். பெட்டியின் நினைவைத் தொடாதீர்கள். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிய பிறகும் இடது கட்டமே காலி என்றால் உணர்வி பழுது. இப்போது இடது கட்டம் உயிர்பெற்று வலது கட்டம் காலியானால், உணர்வி நல்லது. இடது சக்கரம் இருக்கும் இடத்தில்தான் அலை தடைபடுகிறது. ஒரே ஒரு மாற்றம், தெளிவான விடை. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சோதனை முடிந்ததும் உணர்விகளைப் பழைய இடத்திலேயே பூட்ட வேண்டும். சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டும்போதும் இந்தக் கவனம் தேவை. மறந்தால் வலது பின் டயர் இறங்க, திரை இடது முன் சக்கரத்தைக் காட்டும். இடது முன் டயரை மட்டும் பார்த்துவிட்டு "பொய்" என்று கிளம்பிவிட்டால் கதி என்ன?

வேலியே பயிரை மேய்ந்தால்?

சில வேளைகளில் காவல் காக்க வந்த கருவியே காற்றைத் திருடும். திருகும் வகை உணர்வி, வால்வின் நடுவில் உள்ள ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது காற்றை அடைத்து நிறுத்துவது உணர்விக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் மட்டுமே. அது தேய்ந்தாலோ, உணர்வியைச் சாய்வாகத் திருகினாலோ காற்று கசியும்.

இன்னொன்று. 10 கிராம் எடையுள்ள உணர்வி வால்வை என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். சக்கரத்தின் மையத்திலிருந்து 17 சென்டிமீட்டர் தொலைவில் அது சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. அதாவது ஒரு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போல அந்த 10 கிராம் வால்வை வெளிப்புறமாக இழுக்கும். ரப்பர் வால்வு நாளடைவில் வளைந்து வளைந்து வெடிப்பு விடக்கூடும். அதனால்தான் இத்தகைய உணர்விகளுக்கு உலோக வால்வே ஏற்றது என்கிறார்கள்.

மௌனம் நல்ல செய்தியா?

தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம். கருவி ஒலிக்காவிட்டால் டயர் நலமாக இருப்பதாகப் பொருளா? இல்லை. காற்று சரியாக இருந்தாலும் மௌனம். மின்கலம் செத்திருந்தாலும் மௌனம். எனவேதான் அமெரிக்க விதி, அமைப்பு பழுதானால் அதற்கும் தனி அடையாளம் கேட்கிறது. ஒரே விளக்கு இரண்டு செய்திகளையும் சொல்லும் கார்களில், வண்டியைக் கிளப்பியதும் அந்த விளக்கு 60 முதல் 90 விநாடிகள் வரை சிமிட்டிவிட்டுப் பிறகு தொடர்ந்து எரியும். "காற்று குறைவு" என்பது வேறு. "என்னால் பேச முடியவில்லை" என்பது வேறு.

அடிக்கடி ஒலிக்கிறதே என்று எச்சரிக்கையின் எல்லையைத் தாழ்த்தி வைப்பவர்களும் உண்டு. "புலி வருது, புலி வருது" கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையில் கடைசியாகப் புலி உண்மையிலேயே வந்தது. ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கண்டுபிடித்தால் பொய் ஒலி தானே குறையும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

நண்பகலில் 37 டிகிரி வெப்பத்தில் உங்கள் சைக்கிள் டயரில் 40 பவுண்டு காற்று அடித்தீர்கள். மறுநாள் காலையில் 22 டிகிரி. காற்று கசியவில்லை என்றால் அழுத்தமானி எவ்வளவு காட்டும்? அது 30 மட்டுமே காட்டினால் நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

விடை: ஏறக்குறைய 37 பவுண்டு காட்ட வேண்டும். 30 காட்டினால், மூன்று பவுண்டு குறைந்ததற்குக் குளிர் காரணம். மீதி ஏழு பவுண்டுக்குச் சோப்பு நீரைத் தேடுங்கள்!