கண் காணுமுன் கை எழுவது எப்படி?

வைகைக் கரைச் சமவெளியில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் சிலம்பத்தையும், இன்று மதுரை இளைஞர்கள் கணினித் திரையில் ஆடும் டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் முதலிய சண்டை விளையாட்டுகளையும் ஒருங்கே வைத்து நோக்குவது அந்த வித்தைக்கே அபசாரம் என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். ஆயினும் இரண்டிலும் மூளை செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றே என்பது என் துணிபு.

டெக்கன் ஆட்டத்தில் திரைக்காட்சி வினாடிக்கு 60 முறை மாறுகிறது. நின்றபடி விடும் விரைவான குத்து 10 காட்சிகளில், அதாவது வினாடியின் ஆறில் ஒரு பங்கில், வந்து தாக்கிவிடுகிறது. கண் கண்டு, மூளை நிச்சயித்து, விரல் அசைவதற்கோ மனிதனுக்குச் சாதாரணமாக வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வேண்டும். ஆகவே பார்த்தபின் தடுப்பது அசாத்தியம். தூரத்தையும் எதிரியின் வழக்கத்தையும் கொண்டு முன்னதாக அனுமானிப்பவனே பிழைக்கிறான். 2004-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த எவோ என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தில், ஒரே அடியில் தோற்றுவிடும் தறுவாயில் நின்ற ஜப்பானிய வீரர் டைகோ உமெஹாரா, எதிரியின் தொடர் தாக்குதலில் 15 அடிகளையும் தட்டிவிட்டதற்கு அந்த அனுமானமே மூலம்.

சிலம்பத்திலும் அவ்வாறே. சுழலும் கம்பின் நுனி, கையிலிருந்து தொலைவில் இருப்பதாலேயே கையைவிடப் பன்மடங்கு வேகம் பெறுகிறது. அதற்கு முன்பே அசைந்துவிடும் தோளையும் காலடியையும் படிக்கக் கற்றவனுக்கே அதன் வழி புலப்படும்.

ஆனால் பொத்தானை அமுக்கிப் பழகிய விரல், இடுப்பைத் திருப்பவோ, பாதத்துக்குப் பாதம் பாரத்தை மாற்றவோ, மணிக்கட்டில் விழும் அடியின் வலியைத் தாங்கவோ அறியாது. திரை விளையாட்டு புத்திக்கு அப்பியாசம், தேகத்துக்கு அன்று. இளைஞர்களே, அங்கே பெற்ற கணிப்புத் திறனுடன் ஆசானிடம் சென்று கம்பைக் கையில் எடுங்கள்.