மேட்டி குரோவ்ஸுக்கு எது மூலம்?

லண்டனில் 1967-இல் தொடங்கிய நாட்டுப்புற ராக் குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷன், தன் 45-ஆம் ஆண்டான 2012-இல் பழைய பாடல்களை மறுபடி பதிவு செய்து ‘பை பாப்புலர் ரிக்வெஸ்ட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. எந்தெந்தப் பாடல்கள் என்பதை ரசிகர்களே வாக்களித்துச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஆல்பம் வரும்போதெல்லாம் எழுகிற கேள்வி, மூலம் கைவசம் இருக்க நகல் எதற்கு என்பது. நாட்டுப்புற ராக்கில் இந்தக் கேள்வி நிற்காது என்பேன். அங்கே மூலம் என்று நாம் கொண்டாடுவதே ஒரு மறுபாடல்தான்.

1969 டிசம்பரில் வந்த ஃபேர்போர்ட்டின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தின் ‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். தேவாலயத்துக்கு வந்த இடத்தில் ஒரு பிரபுவின் மனைவி மேட்டி என்ற இளைஞன்மேல் ஆசைப்பட்டு அழைத்துப்போகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய் எஜமானிடம் சொல்கிறான். மேட்டி கண் விழிக்கும்போது கட்டிலருகே பிரபு நிற்கிறான். இரண்டு கொலைகளோடு கதை முடிகிறது. இந்தக் கதைப்பாடல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓர் ஆங்கில நாடகத்தில் எடுத்தாளப்பட்டது. ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 305 கதைப்பாடல்களைத் தொகுத்தபோது இதற்கு 81 என்று எண்ணிட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பாடங்களையும் சேர்த்தே அச்சிட்டார். ஃபேர்போர்ட் இந்தக் கதையை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் புழங்கிய ‘ஷேடி குரோவ்’ மெட்டில் ஏற்றியது. பாட்டு ஓய்ந்த பிறகு டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிதாரும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அந்த நீண்ட வாசிப்பு, எந்தப் பழைய பாடத்திலும் கிடையாது.

1969 பதிவில் பாடிய சாண்டி டென்னியின் குரலுக்கு ஈடு உண்டா என்று கேட்பார்கள். கிடையாது. ஆனால் ஆல்பம் கடைக்கு வருமுன்பே டென்னியும் ஆஷ்லி ஹட்சிங்ஸும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு குரலுக்கே பாட்டைச் சாசனம் செய்திருந்தால் அது அன்றோடு மேடையிலிருந்து இறங்கியிருக்கும். ஸ்வார்ப்ரிக் பாடினார், பின்னாளில், 1969 பதிவில் கிதார் வாசித்த சைமன் நிகோல் பாடினார். நாற்பது ஆண்டு மேடையில் பாட்டு எப்படி மாறியது என்பதற்கு ‘பை பாப்புலர் ரிக்வெஸ்ட்’ ஆல்பத்தில் உள்ள அதன் 2012 பதிவே சாட்சி. டென்னியின் பதிவை அது அழித்துவிடவில்லை, இரண்டும் கிடைக்கின்றன. பணத்துக்காகச் செய்தார்கள் என்றால், செய்யட்டுமே. பழைய பதிவை வெளியிட்டது ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். புதியது குழுவின் சொந்த லேபிளில் வந்தது. தம் உழைப்பின் பலன் தம்மிடமே வரவேண்டும் என்று மூத்த கலைஞர்கள் நினைப்பதில் குற்றமில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஊர் பாடிய பாட்டுக்குச் சரி, தனி ஒருவர் எழுதிய பாட்டுக்கு இந்த வாதம் பொருந்துமா? தாம்ப்சன் எழுதிய ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ பாதி தப்பிக்கும். அதன் மெட்டு ‘வில்லி ஓ வின்ஸ்பரி’ என்ற பழங்கதைப்பாடலுடையது. சொல்லும் மெட்டும் தாம்ப்சனுடையவையான ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ விஷயத்தில் ஆட்சேபத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் ஃபேர்போர்ட் நடத்தும் கிராப்ரடி இசைத் திருவிழாவின் கடைசிப் பாட்டாகக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து அதைப் பாடுகிறது. அப்படிப் பாடுகிறவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே ஊர்ப் பாட்டுத்தான்.