ஹீட்டர் சொல்லும் செய்தி: ஓடித் தேய்ந்த வாகனத்தின் நோயை அறிவது எப்படி?

எமது வியாபாரிகளுக்கு வாகனம் என்பது சொகுசுப் பொருளல்ல, அது இரண்டாவது கடை. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குச் செல்வதென்றால் கலஹா, பேராதனை என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும். திரும்பும்போது சரக்கோடு அதே வளைவுகளில் ஏற வேண்டும். நுவரெலியாவுக்கு மரக்கறி எடுக்கச் செல்பவர்கள் சுபஹ் தொழுத கையோடு குளிரில் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வியாபாரம் நிற்கும். ஒரு வாரம் நின்றால் வாடிக்கையாளர் வேறு கடை பார்த்து விடுவார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிப் போனது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. இந்தக் காலத்தில் நம்மில் பலர் மூன்று, நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வேன்களையும் லொறிகளையும்தான் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினோம். இறக்குமதி திறந்த பின்னும் புதிய வாகனம் வாங்கும் சக்தி எல்லோருக்கும் இல்லை. ஆகவே, பழைய வண்டியின் நோயைச் சரியாக அறிந்துகொள்வதும் இன்று வியாபார அறிவில் ஒரு பகுதியாகி விட்டது.

நான் கட்டிய கட்டணம்

2023 ஜனவரியில் என்னுடைய டீசல் வேன் கலஹா ஏற்றத்தில் கொதித்தது. ஒரு கராஜில் காட்டினேன். ரேடியேட்டரைக் கழுவினார்கள், சரிவரவில்லை. வோட்டர் பம்பை மாற்றினார்கள், அதுவும் சரிவரவில்லை. பிறகு ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்று சொல்லி ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் வண்டி கராஜில் கிடந்தது. தோட்டப் பகுதிக் கடைகளுக்கு நான் கொடுத்து வந்த சரக்கை வேறொருவர் கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கடைகளில் இரண்டு இன்று வரை என்னிடம் திரும்பவில்லை. காசு செலவழித்து வண்டியை எடுத்து வந்த நான்காம் நாள், அதே ஏற்றத்தில் மீண்டும் கொதித்தது.

பின்பு கம்பளையில் ஒரு வயதான பாஸிடம் போனேன். அவர் சாவியைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார். "தம்பி, எப்போது சூடாகிறது? டவுனில் நிற்கும்போதா, ஏற்றத்திலா, காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனேயா?" ஏற்றத்தில் மட்டும் என்றேன். "ஹீட்டரைப் போட்டால் என்ன காற்று வருகிறது?" ஹீட்டரே இல்லை, குழாய் ஒழுகியதால் இரண்டு குழாய்களையும் ஒன்றாக இணைத்து விட்டோம் என்றேன். அவர் சிரித்தார். "வண்டியின் வாயைக் கட்டிவிட்டு, நோய் என்னவென்று கேட்கிறீர்களே!"

அவர் கண்டுபிடித்தது இரண்டு விஷயம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தது. தெர்மோஸ்டாட்டை யாரோ முன்னரே கழற்றி எறிந்திருந்தார்கள். இரண்டையும் போட்ட பிறகு வண்டி கொதிக்கவில்லை. அந்தச் செலவு, ஹெட்டுக்கு நான் கொடுத்த காசில் ஒரு சிறு துளி.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை

டவுன் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் பேனையும் பேன் பெல்ட்டையும் பாருங்கள். நின்ற வண்டிக்குக் காற்றைக் கொடுப்பது பேன்தான். ஏற்றத்தில் பாரத்தோடு மட்டும் சூடேறினால், தண்ணீர் சுற்றுவதில் குறை இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பு, மூடி, தெர்மோஸ்டாட், பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகி, திறந்த வாயில் விடாமல் குமிழ் வந்தால் மட்டுமே ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் போல் மாறியிருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்து விடும். கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள்.

மலைநாட்டில் மூடியின் மதிப்பு

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏற, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 85, 90 பாகையில் வேலை செய்கிறது. இடைவெளி மிகவும் குறைவு.

இந்த இடைவெளியைக் கூட்டுவதுதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று இலக்கம் இருக்கும். அது உள்ளே தாங்கும் அமுக்கத்தின் அளவு. 0.9 மூடி, கொதிநிலையைச் சுமார் 20 பாகை உயர்த்துகிறது. ரப்பர் காய்ந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கொழும்பில் தப்பித்து ஓடும் வண்டி எங்கள் ஏற்றத்தில் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றும்போது அதே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

"நம் நாடு சூடு, இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கம் பல கராஜ்களில் உண்டு. இது தவறு. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுப்பது அதன் முதல் வேலை. அது இல்லாவிட்டால் மலைநாட்டுக் குளிரில் எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும். டீசல் அதிகம் எரியும், தேய்மானமும் கூடும்.

இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது. பல ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றும் குறுக்குப் பாதையை அது மூடுகிறது. அதைக் கழற்றினால் அந்தப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும். சமதரையில் சமாளிக்கும் வண்டி ஏற்றத்தில் கொதிப்பது இதனால்தான். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் அது திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காதது பழுது. ஆறிய பின்னும் மூடாததும் பழுதுதான்.

ஹீட்டர் ஒரு சாட்சி

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடி, உள்ளே சூடான காற்றைத் தருகிறது. இதைத்தான் ஹீட்டர் என்கிறோம். கண்டியில் அதற்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் நுவரெலியா அதிகாலையில் கண்ணாடிப் பனியைப் போக்க அதுதான் உதவும். அதைவிடப் பெரிய உதவி, எஞ்சினுக்குள் நடப்பதை அது சொல்லிவிடும்.

எஞ்சின் 15 நிமிடம் ஓடிய பின் ஹீட்டரைத் திறந்து, அதற்குப் போகும் இரண்டு குழாய்களையும் பெல்ட், பேனுக்குக் கை எட்டாதபடி கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தும் உள்ளே குளிர் காற்று வந்தால், காற்றைத் திருப்பும் கதவில் அல்லது கேபிளில் குறை. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் ஹீட்டருக்குள் அடைப்பு, அல்லது அதன் வால்வ் திறக்கவில்லை. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது. கண்ணாடியில் திரும்பத் திரும்ப ஆவி படிந்து, கால் விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை வந்தால் ஹீட்டரில் கூலன்ட் ஒழுகுகிறது.

மிக முக்கியமானது இது. ஏற்றத்தில் வெப்பமானி முள் ஏறிக்கொண்டிருக்க, ஹீட்டர் காற்று திடீரென்று குளிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் போய்விட்டது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓடினால் எஞ்சினே போகலாம். தண்ணீர் மாற்றும் போதெல்லாம் ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் வைத்து நிரப்புங்கள். அடைபட்ட காற்று வெளியேறும்.

காலையில் ஸ்டார்ட் எடுக்காவிட்டால்

நம்மவர்கள் ஹீட்டர் என்று சொல்லும் இன்னொரு சாமான், டீசல் எஞ்சினின் ஹீட்டர் பிளக். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை 20 மடங்கு அளவில் அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரிகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் பிளக் உதவி செய்கிறது.

குளிரில் மட்டும் தாமதித்து, வெள்ளைப் புகையோடு ஒரு நிமிடம் நடுங்கிப் பின் சீராக ஓடினால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். வயரைக் கழற்றி மல்டிமீற்றரால் ஓம் அளவு பார்த்தால் போதும். நல்லது ஓரிரு ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். எரிந்து போனது ஒன்றுமே காட்டாது. பெற்றரி வயரை நேரடியாக வைத்துச் சோதிக்காதீர்கள். சில ஜப்பான் எஞ்சின்களின் பிளக்குகள் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவையல்ல, நல்லதும் எரிந்துவிடும். பெற்றரியையும் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்.

டீசல் பில்டருக்கு மேலுள்ள ஹேண்ட் பம்பைச் சில தடவை அமுக்கிய பின் சுலபமாக ஸ்டார்ட் எடுத்தால், குற்றம் ஹீட்டர் பிளக்கில் இல்லை. இரவில் டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்புகிறது. எஞ்சின் சூடாக இருந்தும் ஸ்டார்ட் எடுக்கச் சிரமமென்றால் கம்ப்ரஷனையும் டீசல் பம்பையும் பாருங்கள்.

புகையும் பேசும். டீசல் வாடையுள்ள வெள்ளை, எரியாத டீசல். சூடான பின்னும் நிற்காத வெண்ணாவி, தண்ணீர் எரிவது. நீலம், ஒயில் எரிவது. கறுப்பு, காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. இதில் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள்.

பாஸுக்கு உரிய கூலி

நாம் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கக் காசு கொடுப்போம், ஆனால் பார்த்துச் சொல்லும் அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். பாஸும் சாமானை மாற்றினால்தான் தனக்குக் கூலி என்று நினைப்பார். அதனால்தான் ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றப்படுகிறது. "முதலில் சோதித்துச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியைத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில், எதை மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடைக்குக் கணக்குப் புத்தகம் இருப்பது போல வண்டிக்கும் ஒன்று வேண்டும்.

ஒரு நாள் அந்த வண்டியை விற்கும்போது அதே கொப்பியை வாங்குபவர் கையில் கொடுங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. கொதிக்கும் எஞ்சினைக் குளிர வைத்துக் காட்டுவதும், மீற்றரைத் திருப்பி வைப்பதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதுதான். குறையைச் சொல்லி விற்றால் சில ஆயிரம் குறையலாம். கிடைப்பதில் பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.