வீட்டுக் கணிப்பொறிக்கு நினைவகம் கூட்டுதல் வேண்டுமோ?

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டியைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று, மறு ஆண்டில் ஊர் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பின்னர்ப் பட்டாசுக்கும் மேலே ஒட்டும் படங்கள் வேண்டியிருந்தன. அவற்றை அச்சிடத் தோன்றிய அச்சகங்களே நாளடைவில் நாட்காட்டி, நாட்குறிப்பு முதலியவற்றை நாடெங்கும் அனுப்பலாயின. முன்னாளில் ஈய எழுத்தைக் கோத்துச் செய்த வேலையை இந்நாளிற் கணிப்பொறி செய்கின்றது. அச்சகத்தாரிடம் வேலை பெற்று, வீட்டின் ஓர் அறையிற் பொறியை வைத்துப் பக்கம் அமைத்துக் கொடுப்போரும் உளர். அவர்தம் இல்லங்களில், பொறி மெதுவாக ஓடுகின்றதே, நினைவகம் கூட்டலாமா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது.

இஃது எளிய வினா அன்று. புதிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுதிகள் ஆடிப்பெருக்கன்று வெளிவருதல் அவ்வூர் வழக்கம். அதன்பின் ஆண்டிறுதி வரை வேலை நெருக்கும். அம்மாதங்களிற் பொறி ஒரு நாள் தயங்கினால் அந்நாட் கூலி போம். வேண்டாத உறுப்பை வாங்கினாலோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்துவைத்த பணம் போம். ஆதலின், கடைக்காரர் சொல்லொன்றே கொண்டு துணியாது, நாமே அளந்து பார்த்துத் துணிவோமாக.

நினைவகம் என்பது யாது? அச்சகத்திற் காகிதக் கிடங்கு ஒன்று உண்டு; யந்திரத்தின் அருகே வேலைமேசை ஒன்றும் உண்டு. கணிப்பொறியின் வட்டு கிடங்கு போன்றது. நினைவகம் அம்மேசை போன்றது. மேசை நிறைந்து வழிந்தால், வேலையாள் எதையேனும் கிடங்கிற் கொண்டுபோய் வைத்து, வேண்டியபோது மீண்டும் எடுத்துவர வேண்டும். பொறியும் அவ்வாறே நினைவகம் போதாதபோது அதன் ஒரு பகுதியை வட்டில் மாற்றி வைக்கின்றது. வேகம் குன்றுவது அந்நடையினாலேயே. மேசையிற் பாதி வெறுமையாக இருப்பின், அதனைப் பெரிதாக்குவதால் வேலையாளின் கை விரைவதில்லை.

1966-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் ராபர்ட் டென்னார்ட், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட் செய்தியை இருத்தலாம் எனக் கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் வாங்கும் நினைவகப் பலகைக்கும் அதுவே அடிப்படை. அத்தேக்கியிலுள்ள மின்னூட்டம், ஓட்டைக் குடத்து நீர்போல் வடிந்துகொண்டே இருக்கும். ஆதலின் ஒரு நொடியிற் பன்முறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அனைத்தும் அழியும். அவ்வப்போது வட்டிற் சேமித்துவைக்க என்று பெரியோர் வற்புறுத்துவது இது பற்றியே.

இனி அளக்கும் வகை. நாள்தோறும் செய்யும் வேலைக்குரிய கோப்புகளையும் மென்பொருள்களையும் வழக்கம்போல் திறந்துகொண்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், விண்டோஸ் பொறிகளில் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் மெமரி என்னும் பகுதியைக் காண்க. நூற்றுக்கு எழுபது நிறைந்திருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் தொண்ணூற்றைத் தாண்டி நின்று, கமிட்டட் என்னும் கணக்கு உள்ள நினைவகத்தினும் மிகுந்து, அதே வேளையில் வட்டும் ஓயாது உழைக்குமாயின், மேசை வழிகின்றது என்று கொள்ளலாம். வேலை நெருக்கடியான நாளில் அளத்தல் வேண்டும். ஓய்ந்த நாளில் அளப்பது பயனற்றது.

அச்சு வேலையில் நினைவகத் தேவையைத் தாளிற் கணக்கிட்டே அறியலாம். 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள நாட்காட்டிப் படம் ஒன்றை, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அமைப்பதாகக் கொள்வோம். 6,000-ஐ 9,000-ஆற் பெருக்க, 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள் ஆகும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைக்கும் புள்ளிக்கு ஒவ்வொரு பைட் வைத்தால் 21 கோடியே 60 லட்சம் பைட். அதாவது ஏறத்தாழ 216 மெகாபைட். இஃது ஓர் அடுக்கிற்கு மட்டும். தெய்வத் திருவுருவம், பின்னணி, மாலை, ஒளிவட்டம் எனப் பத்து முழு அடுக்குகள் வைத்தால் 2 ஜிகாபைட்டைத் தாண்டும். செய்ததை மாற்றி முன்னிலைக்கு மீளும் வசதிக்கெனப் பொறி வைத்துக்கொள்ளும் படிகள் வேறு. இத்தகைய வேலை செய்வோர்க்கு 8 ஜிகாபைட் போதாது, 16 வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வரும் வேலை எப்பொழுதும் இத்தகையதன்று. ஆயத்தமான நாட்காட்டியின் அடியில் ஒரு கடையின் பெயரையும் முகவரியையும் ஒரே மையில் அமைப்பதாயின், 15 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உள்ள பட்டைக்கு 40 லட்சத்துச் சொச்சம் பைட்டே ஆகும். இவ்வேலைக்கு நினைவகம் கூட்டுவது வீண் செலவு. கட்டுரை எழுதும் மாணவர்க்கும் இது பொருந்தும்.

அளந்து பார்த்தபின் நினைவகம் குறையில்லை எனத் தெரிந்தும் பொறி மெதுவாயின், பழைய சுழலும் வட்டு உளதா எனக் காண்க. உளதாயின் அதனை நீக்கித் திடநிலை வட்டு பொருத்துவதே முதற்செலவாக வேண்டும். நினைவகத்தை இருமடங்காக்கியும் காணாத விரைவை இது பல பழம்பொறிகளுக்குத் தரும்.

பொறியின் வயதும் நோக்கற்பாலது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பொறிக்குப் பெரும்பணம் செலவிடுமுன் இருமுறை எண்ணுக. 32 பிட் விண்டோஸ் உள்ள வீட்டுப் பொறி 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஆளாது. டி.டி.ஆர். 3, 4, 5 என்னும் வகைகள் ஒன்றிடத்தில் மற்றொன்று பொருந்தா; அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டே இடம் மாறி நிற்கும். மடிக்கணிப்பொறிக்குரிய பலகை சிறியது. சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின் கூட்டவே இயலாது. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவக விலை உலகெங்கும் மிக ஏறியது. ஆதலின் பழைய விலையை மனத்துட் கொண்டு கடைக்குச் செல்லற்க.

வாங்குவதெனத் துணிந்தோர்க்கு ஒரு சொல். பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்தறைக்குட் புகுவோர், உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்க நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டே புகுவர்; பருத்தி ஆடையே உடுப்பர். இவ்வட்டாரத்தின் வறண்ட காற்று பட்டாசிற்கு உகந்தது, நிலைமின்னுக்கும் உகந்தது. அங்கே அஃது உயிரைக் கொள்ளும். இங்கே நாம் அறியாமலே நினைவகச் சில்லைக் கெடுக்கும். எனவே மின்கம்பியைப் பிடுங்கி, பொறியின் பூச்சற்ற உலோகப் பகுதியைத் தொட்டபின், பலகையை விளிம்பிற் பிடித்து, இருபுறத் தாழும் விழும் ஒலி கேட்கும்வரை அழுத்துக. மூடியை முடுக்குமுன் பொறியை ஒருமுறை இயக்கி, புதிய அளவு திரையிற் காண்கின்றதா எனப் பார்த்துக்கொள்க.