உஷார்! சிரித்தாள் என்பதற்காகக் காதல் என்று நினைத்துவிடாதீர்கள்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் தம்பிகளே, உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பொத்தேரிக்கோ பரனூருக்கோ போகிற காலை ரயிலில் ஒரு பெண் தினமும் உங்கள் பெட்டியிலேயே ஏறுகிறாளா? இறங்கும் இடத்தில் படிக்கட்டு அதற்கு நேராக இருக்கலாம். சிரித்தாளா? பழகிய முகம் என்று சிரித்திருக்கலாம். ஸ்டேட்டஸைப் பார்த்தாள், மீமுக்கு ஹார்ட் போட்டாள் என்பதெல்லாம் காதல் ஆகிவிடாது. "மச்சான், அவ உன்னைத்தான் பாக்குறா, சிக்னல் குடுக்குறா" என்று ஏற்றிவிடுகிற நண்பனை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

இந்தத் தவறு உலகம் முழுக்க நடக்கிறது. 1982-ல் அமெரிக்க உளவியலாளர் ஆன்டோனியா ஏபி, முன்பின் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் பேசவிட்டு, வேறு சிலரை மறைவிலிருந்து கவனிக்க வைத்தார். அந்தப் பெண் நட்பாகப் பேசியதைப் பெண்களைவிட ஆண்களே அதிகமாக ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே சிக்னல் தேடாதீர்கள். பிடித்திருந்தால் ஒரே ஒரு முறை கேளுங்கள். ஓடுகிற ரயிலில் வேண்டாம். நண்பர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு வேண்டாம். அவள் வீட்டுத் தெருமுனையில் வேண்டவே வேண்டாம். அவள் நினைத்தால் உடனே எழுந்து போக முடிகிற இடமாக இருக்கட்டும். இப்போதே பதில் வேண்டும் என்று நெருக்காதீர்கள்.

பதிலைப் புரிந்துகொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க", "இப்ப படிப்புதான் முக்கியம்", "நாம ஃப்ரெண்ட்ஸாவே இருப்போம்", ப்ளூ டிக் விழுந்தும் பதில் இல்லை - எல்லாமே மறுப்புதான். நம் ஊர்ப் பெண்கள் முகத்துக்கு நேராக "பிடிக்கல" என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம் பயம். சொன்னால் இவன் என்ன செய்வானோ என்ற பயம். விடாமல் பின்னால் போனால் மனம் மாறுவாள் என்று பல சினிமாக்கள் சொல்லிக் கொடுத்தது பச்சைப் பொய். சம்மதித்த பெண்ணுக்கும் பிறகு விலகிப்போக முழு உரிமை உண்டு.

அந்தப் பயம் வீண் பயமா? 2022 அக்டோபர் 13 அன்று, நீங்கள் போய்வருகிற இதே ரயில் பாதையில், பரங்கிமலை ஸ்டேஷனில், ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். அவள் விலகிய பிறகும் விடாமல் பின்தொடர்ந்தவன் அவன். மகள் போன துக்கத்தில் அவளுடைய அப்பாவும் இறந்துபோனார். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-வது பிரிவின்படி குற்றம். ஒரு பெண் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் அதே பிரிவில் வருகிறது. சிறைத் தண்டனை உண்டு.

பெற்றோரே, "ஒருத்தன் பின்னாலேயே வர்றான்" என்று மகள் சொன்னால் அவள் படிப்பை நிறுத்தாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். அவளோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். தங்கைகளே, மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள். ரயிலிலோ ஸ்டேஷனிலோ தொல்லை என்றால் 139, மற்ற இடங்களில் பெண்கள் உதவி எண் 181, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த மூன்று எண்களையும் இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.